தாத்தா கட்டிய தியேட்டர்: ஓட்டுவதா, பிரிப்பதா, மண்டபமாக்குவதா, விற்பதா?

சாவி ஒருவரிடம், பட்டா இன்னும் தாத்தா பெயரில், கரண்ட் பில் மட்டும் மாதாமாதம் தவறாமல் வருகிறது. தமிழ்நாட்டின் தாலுகா ஊர்களில் இப்படி நிற்கும் பழைய தியேட்டர்கள் ஏராளம். இதைப் பற்றி ஆலோசனை கேட்பவர்கள் பெரும்பாலும் மூன்றாம் தலைமுறை. அண்ணன் சென்னையில், தம்பி துபாயில், ஊரில் இருக்கும் சித்தப்பாவுக்கு எழுபது வயது. கேள்வியும் ஏறக்குறைய ஒன்றேதான்: "மண்டபமாக்கிடலாமா, ரெண்டு ஸ்கிரீனா பிரிக்கலாமா, இல்ல பேசாம வித்துடலாமா? தாத்தா பேரும் நிக்கணும்."

கடைசி வாக்கியம்தான் சிக்கல். அதற்காகத்தான் இந்த ஒப்பீடு.

## இவ்வளவு பெரிதாக ஏன் கட்டினார்கள்?

கொஞ்சம் பழைய கதை தெரிந்தால் கணக்கு எளிதில் புரியும். திருச்சியில் ரயில்வே ஊழியராக இருந்த சாமிக்கண்ணு வின்சென்ட், 1905-இல் டூபாண்ட் என்ற பிரெஞ்சுக்காரரிடமிருந்து புரொஜெக்டரையும் படச்சுருள்களையும் விலைக்கு வாங்கி, ஊர் ஊராகக் கூடாரம் அடித்துப் படம் காட்டினார். 1914-இல் கோவையில் வெரைட்டி ஹாலை நிலையான கட்டடமாகக் கட்டினார். அது பின்னாளில் டிலைட் ஆனது. பழைய பெயர் வெரைட்டி ஹால் ரோடு என்று தெருவில் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

கூடாரத்துக்கு அப்புறம் கீற்றுக் கொட்டகை. மணல் தரை, பெஞ்ச், சேர், நடுவில் ஆண்கள் பக்கத்தையும் பெண்கள் பக்கத்தையும் பிரிக்கும் இடுப்பளவுச் சுவர். மின்சாரம் கிராமங்களை எட்டியதும், டூரிங் டாக்கீஸ் நடத்தியவர்களும் அரிசி ஆலை, பஸ் கம்பெனி வைத்திருந்தவர்களும் சிமென்ட் கட்டடம் எழுப்பினார்கள். 1952-இல் மதுரையில் திறந்த தங்கம் தியேட்டருக்கு 2,563 இருக்கைகள். அதைப் பார்த்த சின்ன ஊர்க்காரர்கள் நாமும் 800, 1,000 என்று கட்டுவோமே என்று நினைத்தது இயல்பு. அன்றைய நிலவரத்துக்கு அது தப்புக் கணக்கும் இல்லை. பிரிண்ட் (படத்தின் ஃபிலிம் பிரதி) போடச் செலவு அதிகம் என்பதால் படம் முதலில் நகரங்களில் ஓடும். 'பி' சென்டர், 'சி' சென்டர் என்று தொழிலில் சொல்லும் சின்ன ஊர்களுக்குப் படப் பொட்டி வந்து சேர மாதக்கணக்காகும். வரும்போது பாட்டெல்லாம் ஜனங்களுக்கு மனப்பாடம். சுற்றுப்பட்டு இருபது கிராமம் வண்டி கட்டிக்கொண்டு வரும். ஒரு படம், ஒரு பெரிய ஹால், நாலைந்து வாரம்.

டிஜிட்டல் வந்ததும் பிரிண்ட் செலவே ஒழிந்தது. 2013-இல் ஃப்யூஜி நிறுவனம் சினிமா பிரிண்ட் ஃபிலிம் தயாரிப்பதையே நிறுத்தியது. சென்னையில் திறக்கும் படம் அன்றே உங்கள் ஊரிலும் திறக்கிறது. கூட்டம் முதல் மூன்று நாளில் வந்து முடிகிறது, நாலு வாரத்தில் படம் ஓ.டி.டி.யில் வந்துவிடுகிறது. 800 இருக்கை, நாளுக்கு நான்கு காட்சி என்றால் வாரத்துக்கு 22,400 இருக்கை. முப்பதாயிரம் பேர் வாழும் ஊரில் குழந்தை முதல் கிழவர் வரை முக்கால்வாசிப்பேர் ஒரே வாரத்தில் ஒரே படத்துக்கு வந்தால்தான் நிரம்பும்.

ஆகவே உங்கள் தியேட்டர் ஓடாததற்கு ஜனங்கள் சினிமாவை விட்டுவிட்டது முழுக் காரணம் இல்லை. படம் வரும் விதம் மாறிவிட்டது, கட்டடம் பழைய விதத்துக்குக் கட்டியது.

## எதை வைத்து எடை போடுவது

வழிகளைப் பார்க்கும் முன் ஐந்து கேள்விகள். இவற்றுக்குப் பதில் எழுதாமல் ஆர்க்கிடெக்டைக் கூப்பிட்டு வரைபடம் கேட்பது வீண் செலவு.

நிலம் யாருடையது? வாரிசுகள் எத்தனை பேர், எல்லோரும் கையெழுத்துப் போடுவார்களா, நிலம் சொந்தமா, கோயில் நிலத்துக் குத்தகையா? பல பழைய தியேட்டர்கள் கோயில் நிலத்தில் நிற்கின்றன. குத்தகை நிலமென்றால் கீழே சொல்லும் பாதி வழிகள் அடைபட்டுவிடும்.

ஓடினாலும் ஓடாவிட்டாலும் மாதம் என்ன போகிறது? மின் இணைப்பின் நிலைக்கட்டணம், சொத்து வரி, காவலாள் சம்பளம், கூரைப் பராமரிப்பு.

திரும்பி வர முடியுமா? சில முடிவுகளை ஐந்து வருடம் கழித்து மாற்றிக்கொள்ளலாம், சிலவற்றை முடியாது.

யார் நிற்பது? இரவுக் காட்சி முடிந்து கணக்கு முடித்துப் பூட்டிவிட்டு வரக் குடும்பத்தில் ஆள் உண்டா? போனில் நடத்தும் தொழில் இது இல்லை.

நீங்கள் காப்பாற்ற நினைப்பது எதை? கட்டடத்தையா, ஊரில் பெரிய திரையில் படம் பார்க்கும் வழக்கத்தையா, தாத்தாவின் பெயரையும் நினைவையுமா? மூன்றும் வேறு வேறு. ஒரே வழியில் மூன்றும் கிடைப்பது அபூர்வம். குடும்பச் சண்டைகளில் பாதி இங்கேதான் தொடங்குகிறது. ஒருவர் கட்டடத்தை நினைத்துப் பேசுவார், இன்னொருவர் பெயரை நினைத்துப் பேசுவார், இருவரும் 'தியேட்டரைக் காப்பாத்தணும்' என்றே சொல்வார்கள்.

| வழி | எது மிஞ்சும் | முதலீடு | திரும்பி வரலாமா | ஆள் தேவை |
|---|---|---|---|---|
| ஒற்றைத் திரையாகவே ஓட்டுவது | மூன்றும் | நடுத்தரம் | வரலாம் | தினமும் |
| இரண்டு திரையாகப் பிரிப்பது | படம் பார்ப்பது, வெளிக்கட்டடம் | மிக அதிகம் | கடினம் | தினமும் |
| கல்யாண மண்டபம் அல்லது கடை | கட்டடம், சில சமயம் பெயர் | அதிகம் | பெரும்பாலும் இல்லை | முகூர்த்த நாள்களில் |
| ஊர் அரங்கு, அறக்கட்டளை | கட்டடம், பெயர் | நடுத்தரம் | வரலாம் | விடாப்பிடியான நாலு பேர் |
| விற்பது | ஆவணப்படுத்தினால் நினைவு மட்டும் | இல்லை | இல்லை | விற்கும் வரை |
| பூட்டி வைப்பது | எதுவும் இல்லை | இல்லை என்று தோன்றும் | நாளாக ஆகக் குறையும் | காவலாள் |

கடைசி வரிசையை யாரும் கேள்வியில் எழுதுவதில்லை. ஆனால் அதிகக் குடும்பங்கள் நடைமுறையில் எடுத்திருப்பது அதைத்தான்.

## ஒற்றைத் திரையாகவே ஓட்டுவது

பலரும் முதலில் ஒதுக்குவது இதைத்தான். என் கணிப்பில் அவசரப்பட்டு ஒதுக்குகிறார்கள்.

ஒற்றைத் திரை என்றால் 800 இருக்கையோடு ஓட்டியே தீர வேண்டும் என்று சட்டம் எதுவும் இல்லை. முன்வரிசைகளை எடுத்துவிட்டு, இருக்கைகளை அகலமாக்கி, கால் நீட்ட இடம் விட்டு 350 அல்லது 400 ஆக்கலாம். மும்பையின் பாரம்பரியக் கட்டடமான எரோஸ் ஆயிரத்துக்கு மேற்பட்ட இருக்கைகளோடு 1938-இல் திறந்தது. 2024-இல் மறுபடி திறந்தபோது 300 சொச்சம் இருக்கைகள் கொண்ட ஒற்றைத் திரை. வெளித்தோற்றம் அப்படியே நிற்கிறது. மும்பைக் காசு நம் ஊரில் இல்லைதான். ஆனாலும் இருக்கையைக் குறைப்பது தோல்வி என்று நினைப்பவர்களுக்கு இது நல்ல பதில்.

எதில் முதலில் செலவழிப்பது? லேசர் புரொஜெக்டர், புது சவுண்ட் என்றுதான் எல்லோரும் ஆரம்பிப்பார்கள். நான் சொல்வது கழிப்பறை. அதிலும் பெண்கள் கழிப்பறை. குடும்பத்தோடு படம் பார்ப்பது நின்றுபோன ஊர்களில் விசாரித்துப் பாருங்கள், திரை மங்கலாக இருந்தது என்று யாரும் சொல்வதில்லை. அடுத்தது கூரை. ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே எத்தனை டன் ஏ.சி. போட்டாலும் சித்திரை மாத மேட்னியில் அது எடுபடாது. கூரைக்கு வெப்பத்தடுப்புப் போட்டபிறகு ஏ.சி. கணக்கைப் போடுங்கள்.

வருமானத்தில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. டிக்கெட் பணத்தில் வரி போக மிஞ்சுவதை விநியோகஸ்தரோடு பங்கு பிரிக்க வேண்டும். பெரிய படம் என்றால் முதல் வாரத்தில் அறுபது, எழுபது சதவீதம்கூட அவருக்குப் போகும், அட்வான்ஸ் தனி. கேன்டீனும் வண்டி நிறுத்தமும் முழுக்க உங்களுடையவை. சின்ன ஊர் தியேட்டரில் லாபம் என்று ஒன்று இருந்தால் அது பெரும்பாலும் முறுக்கு, டீ, பாப்கார்னில்தான். கேன்டீனைக் குத்தகைக்கு விட்டுவிட்டு டிக்கெட் காசை மட்டும் நம்பி உட்காருவது தலைகீழ் வேலை.

வரி விஷயத்தில் சின்ன ஊருக்கு ஒரு சாதகம் உண்டு. 2025 செப்டம்பர் 22 முதல் நூறு ரூபாய் வரையிலான டிக்கெட்டுக்கு ஜி.எஸ்.டி. 5 சதவீதம், அதற்கு மேல் போனால் 18. நூறைத் தாண்டாமல் வைத்திருப்பது கூட்டத்துக்கும் நல்லது, வரிக்கும் நல்லது. இதோடு உள்ளாட்சியின் கேளிக்கை வரியும் தமிழ்நாட்டில் உண்டு. 2017 ஜூலையில் இந்த இரட்டைச் சுமையை எதிர்த்துத் தியேட்டர்களை மூடியே போராட்டம் நடத்தினார்கள்.

மறைந்திருக்கும் செலவு, படத்தை டிஜிட்டலாகத் திரைக்குக் கொண்டுவரும் கம்பெனியோடு போட்ட ஒப்பந்தம். புரொஜெக்டர் உங்கள் சொந்தமா, வாடகையா, திரையில் ஓடும் விளம்பரத்தின் உரிமை யாரிடம், எத்தனை வருடத்துக்கு? இந்தக் கம்பெனிகள் வாங்கும் கட்டணத்தை யார் கொடுப்பது என்ற தகராறில்தான் 2018 மார்ச்சில் தமிழ்த் திரையுலகம் வாரக்கணக்கில் புதுப் படமே இல்லாமல் நின்றது. ஒப்பந்தத்தைப் படிக்காமல் தியேட்டரை மூடினால் அந்தத் தவணை மட்டும் மூடாது.

லீசுக்கு விடுவதும் இந்த வழியில் சேர்த்திதான். விநியோகஸ்தர் யாராவது எடுத்து ஓட்டுவார், மாத வாடகை வரும், நீங்கள் ஊரில் இருக்க வேண்டாம். ஆனால் லீசுக்காரர் கூரையைப் பழுது பார்க்க மாட்டார். எந்த வேலை யார் செலவு என்று ஒப்பந்தத்தில் வரிவரியாக எழுதாவிட்டால், லீஸ் முடிந்து கிடைப்பது வெறும் சுவர்.

யாருக்கு இது சரி: முப்பது கிலோமீட்டருக்குள் வேறு நல்ல திரை இல்லை, குடும்பத்தில் ஒருவராவது ஊரில் இருக்கிறார், கடன் வாங்காமல் கழிப்பறை, கூரை, இருக்கை மூன்றையும் சரிசெய்ய முடியும் என்பவர்களுக்கு.

## இரண்டு திரையாகப் பிரிப்பது

தொழிலாகப் பார்த்தால் இன்றைய சினிமாவுக்குப் பொருந்துவது இந்த வழிதான். காரணம் இருக்கை எண்ணிக்கையல்ல, படங்களின் எண்ணிக்கை. வெள்ளிக்கிழமை பெரிய படம் வந்தால் இரண்டு ஹாலிலும் போடலாம். திங்கட்கிழமை கூட்டம் குறைந்ததும் அதைச் சின்ன ஹாலுக்குத் தள்ளிவிட்டுப் பெரிய ஹாலில் வேறு படம். ஒற்றைத் திரைக்காரரால் இது முடியாது. ஓடாத படத்தோடு ஒரு வாரம் கட்டிப் புரள வேண்டியதுதான்.

பிரிப்பதில் இரண்டு வகை. நடுவில் சுவர் எழுப்பி இடவலமாகப் பிரிக்கலாம். இல்லையென்றால் பால்கனியின் முன்விளிம்பிலிருந்து புதுத் தளம் போட்டு, மேலே ஒன்று, கீழே ஒன்று. இரண்டாவது கண்ணுக்கு அழகாகத் தெரியும், பால்கனியின் படிவரிசை ஏற்கெனவே இருப்பதால் மலிவாகவும் தோன்றும். இங்கேதான் கையைச் சுட்டுக்கொள்கிறார்கள்.

புதுத் தளத்தின் பாரத்தைத் தாங்கப் பழைய தூண்களால் முடியுமா என்பதை ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர்தான் சொல்ல வேண்டும், காண்டிராக்டர் அல்ல. மேல் ஹாலுக்குத் தனி வெளியேறும் படிகள் வேண்டும். 1997-இல் டெல்லி உப்ஹார் தியேட்டர் தீவிபத்தில் 59 பேர் இறந்ததற்கு, பால்கனியிலிருந்து வெளியேறும் வழி அடைபட்டிருந்தது முக்கியக் காரணம். தீயணைப்புத் துறை இதில் கண்டிப்பாக இருப்பது நம் நல்லதுக்குத்தான். அப்புறம் சத்தம். கீழ் ஹாலில் சண்டைக்காட்சி ஓடும்போது மேல் ஹாலில் தாலாட்டுப் பாட்டு போனால், நடுத்தளம் வழியாக மேலே ஏறும் தாழ்ந்த ஒலியின் (பாஸ்) அதிர்வை எந்தத் திரைச்சீலையும் தடுக்காது. நடுவே காற்று இடைவெளி விட்ட இரட்டைத் தடுப்பு வேண்டும், அது விலை அதிகம். கீழ் ஹாலில் உயரம் குறைவதால் திரையும் சின்னதாகும். பழைய ஆட்கள் "இது டி.வி. பாக்குற மாதிரி இருக்கு" என்று சொல்வது அதனால்தான்.

உரிமமும் இருக்கிறது. தமிழ்நாட்டில் 1955 ஆம் ஆண்டு சினிமா ஒழுங்குமுறைச் சட்டப்படி உரிமம் கொடுப்பவர் மாவட்ட ஆட்சியர். 'சி' ஃபார்ம் என்று தொழிலில் சொல்வது இதைத்தான். கட்டடத்தை மாற்றும் முன் அனுமதி, கட்டட உறுதிச் சான்று, மின் ஆய்வாளர் சான்று, தீயணைப்புச் சான்று என்று வரிசை உண்டு, இரண்டாவது திரைக்கு உரிமமும் தனி. வேலையை முடித்துவிட்டு அனுமதி வாங்கிக்கொள்ளலாம் என்று யாராவது ஆலோசனை சொன்னால் நம்பாதீர்கள். திறக்க முடியாமல் வட்டி கட்டுவது நீங்கள்தான்.

பாரம்பரியக் கண்ணோட்டத்தில் இது பாதி இழப்பு. முகப்பும் பெயரும் நிற்கும். உள்ளே அந்தப் பெரிய ஹால், அதன் உயரம், ஒரே நேரத்தில் எண்ணூறு பேர் விசிலடிக்கும் சத்தம் எல்லாம் போய்விடும். போகட்டும், படம் ஓடினால் போதும் என்பது ஒரு நியாயமான முடிவு. முடிவெடுக்கும்போதே குடும்பத்தில் எல்லோரும் அதைத் தெரிந்துதான் ஒத்துக்கொள்கிறார்களா என்று பார்த்துக்கொள்ளுங்கள், அவ்வளவுதான்.

யாருக்கு இது சரி: நிலம் சொந்தம், வாரிசுச் சிக்கல் இல்லை, ஊர் வளர்கிறது (கல்லூரி, தொழிற்பேட்டை, புறவழிச்சாலை ஏதாவது ஒன்று வந்திருக்கிறது), வங்கிக் கடனைத் தாங்க வேறு வருமானமும் உண்டு என்பவர்களுக்கு. தியேட்டர் வருமானத்தை மட்டுமே நம்பிக் கடன் வாங்குவதாக இருந்தால் வேண்டாம்.

## கல்யாண மண்டபம் (அல்லது கடை, குடோன்)

ஊரில் எல்லோரும் முதலில் சொல்லும் யோசனை இது. "தூணே இல்லாத ஹாலு, மேடை ரெடியா இருக்கு, ரெண்டு பக்கமும் வாசல். வேறென்ன வேணும்?"

வேறு நிறைய வேண்டும். முதலாவது தரை. தியேட்டர் தரை திரையை நோக்கிச் சரிந்து இறங்கும், நாற்காலி போட்டால் மாப்பிள்ளை வீட்டார் எல்லோரும் மேடையை நோக்கிச் சாய்வார்கள். மண் கொட்டிச் சமப்படுத்தினால் மேடை உயரம் போய்விடும், பக்கக் கதவுகளின் அடிப்பகுதி தரைக்குள் புதையும். இரண்டாவது பந்தி. ஹாலுக்குள் பந்தி போட முடியாது, தனிச் சாப்பாட்டுக்கூடம், சமையல்கூடம், கை கழுவும் இடம், மணமகன் அறை, மணமகள் அறை. மண்டபத்தின் பெயர் கெடுவது மேடையால் அல்ல, பந்தியில் இடம் பத்தாததால். மூன்றாவது கார். தியேட்டருக்கு சைக்கிளிலும் பைக்கிலும் வந்தார்கள், கல்யாணத்துக்குக் காரிலும் வேனிலும் வருவார்கள்.

இன்னொன்று, சுவரில் ஒட்டியிருக்கும் சத்தம் உறிஞ்சும் பலகைகள். அசிங்கமாக இருக்கிறதென்று முதல் வேலையாக அவற்றைப் பிய்த்துவிட்டு டைல்ஸ் ஒட்டுவார்கள். அப்புறம் கெட்டிமேளம் கொட்டும்போது ஹால் முழுக்க எதிரொலி சுற்றிச் சுற்றி வரும், பக்கத்தில் இருப்பவர் பேசுவதே கேட்காது. பழைய பலகைகள் தீப்பிடிக்கும் வகை என்றால் எடுக்கத்தான் வேண்டும். ஆனால் அந்த இடத்தில் தீப்பிடிக்காத, சத்தம் உறிஞ்சும் வேறொன்றை வையுங்கள்.

வருமானக் கணக்கில் எல்லோரும் மறப்பது மாதங்களை. ஆடி, புரட்டாசி, மார்கழி மூன்றிலும் கல்யாணம் இல்லை. மற்ற மாதங்களில் முகூர்த்த நாள் சில. அந்த நாள்களில் பத்துப் பேர் கேட்பார்கள், மற்ற நாள்களில் காதுகுத்தும் மஞ்சள் நீராட்டும் வந்தால் உண்டு. வாடகைக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதம். உங்கள் ஊரில் ஏற்கெனவே ஏ.சி. மண்டபம் எத்தனை இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். கைவிரல்களைத் தாண்டினால் இந்த யோசனையை மறந்துவிடலாம்.

கடைக்கோ குடோனுக்கோ விடுவது இதைவிட எளிது. உர மூட்டை அடுக்க முகூர்த்தம் பார்க்க வேண்டியதில்லை. கட்டடம் நிற்கவும் செய்யும். 1913-இல் சென்னை மவுண்ட் ரோட்டில் திறந்த எலெக்ட்ரிக் தியேட்டர் படம் காட்டியது சில வருடங்கள்தான். அஞ்சல் துறை வாங்கிக்கொண்டது, பிறகு தபால்தலைச் சேகரிப்பாளர்களுக்கான அலுவலகமானது. நூறு வருடம் தாண்டியும் அந்தக் கட்டடம் நின்றதற்குக் காரணம் சினிமாப் பற்று அல்ல, ஒரு நிரந்தரக் குடித்தனக்காரர். பாரம்பரியம் பேசுபவர்களுக்கு இது கொஞ்சம் கசப்பாக இருக்கலாம்.

ஒரு எச்சரிக்கை: வேறு உபயோகத்துக்கு மாற்றி உரிமத்தை விட்டுவிட்டால், மறுபடி சினிமா காட்ட வேண்டுமென்றால் தடையின்மைச் சான்றிலிருந்து புதிதாகத் தொடங்க வேண்டும். இடைப்பட்ட காலத்தில் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடமோ ஆஸ்பத்திரியோ வந்திருந்தால் அது கிடைப்பதே சந்தேகம். அதனால்தான் அட்டவணையில் 'பெரும்பாலும் இல்லை' என்று போட்டிருக்கிறேன்.

யாருக்கு இது சரி: மெயின் ரோட்டில், ஒரு ஏக்கருக்குக் குறையாத காலியிடத்தோடு இருப்பவர்களுக்கு மண்டபம். உள்தெருவில் இருப்பவர்களுக்குக் குடோன் அல்லது கடை.

## ஊர் அரங்கு

கேட்க இனிமையாக இருக்கும், நடத்த ஆள் கிடைக்காது. ஓர் அறக்கட்டளை வைத்து, வார இறுதியில் படம், மற்ற நாள்களில் நாடகம், பள்ளி ஆண்டுவிழா, புத்தகக் காட்சி. கேரளத்தில் அரசின் திரைப்பட வளர்ச்சிக் கழகமே தியேட்டர் நடத்துகிறது. அங்கே திரைப்படச் சங்க வழக்கமும் 1960களிலிருந்து வேரூன்றியது. நம் சின்ன ஊர்களில் இதற்கு ஆதரவு குறைவு. 2012 ஆம் ஆண்டின் தமிழ்நாடு பாரம்பரிய ஆணையச் சட்டம் இருக்கிறது. ஆனால் பட்டியலில் சேர்ந்துவிட்டால் கூரை மாற்றப் பணம் வரும் என்று எண்ணிக் காத்திருக்காதீர்கள்.

பலர் தெரியாமல் மாட்டிக்கொள்வது உரிமை விஷயத்தில். பழைய படம்தானே, டி.வி.டி. போட்டுக் காட்டுவோம் என்றால் முடியாது. இலவசக் காட்சியானாலும் பொதுமக்கள் கூடும் இடத்தில் காட்ட உரிமையாளரின் அனுமதியும் தணிக்கைச் சான்றும் வேண்டும். பழைய தமிழ்ப் படங்கள் பலவற்றுக்கு உரிமை யாரிடம் இருக்கிறது என்று கண்டுபிடிப்பதே பெரும்பாடு.

ஊரில் ஏற்கெனவே உயிரோடு இயங்கும் ஒரு சங்கம் இருந்தால் (ரோட்டரி, நாடக மன்றம், வாசகர் வட்டம், எதுவானாலும்) மட்டும் இதை யோசியுங்கள். தியேட்டருக்காகப் புதிதாகச் சங்கம் தொடங்கினால் இரண்டாம் வருடம் செயலாளரைத் தேட வேண்டியிருக்கும்.

## விற்பது

விற்பதில் குற்றம் எதுவும் இல்லை. மதுரை தங்கம் இருந்த இடத்தில் இன்று ஜவுளிக்கடை. சிவாஜி குடும்பத்தின் சாந்தி தியேட்டரே 2016-இல் மூடியது. அவர்களுக்கே அந்த நிலை என்றால் நம் சித்தப்பாவைக் குறை சொல்வதில் அர்த்தமில்லை.

வரியை மட்டும் முன்கூட்டியே பாருங்கள். வரிச் சட்டப்படி இந்தியாவில் வசிப்பவராகக் கருதப்படும் தனிநபரோ கூட்டுக்குடும்பமோ 2024 ஜூலை 23-க்கு முன்பே பெற்றிருந்த நிலத்தை விற்றால், நீண்டகால ஆதாயத்துக்கு 12.5 சதவீதம், அல்லது விலைவாசிக் குறியீட்டோடு 20 சதவீதம். இரண்டில் எது குறைவோ அந்த வரியே போதும். 2001-க்கு முன் வாங்கிய சொத்து என்றால், 2001 ஏப்ரல் 1 அன்றைய சந்தை மதிப்பை அடக்கவிலையாக எடுத்துக்கொள்ளலாம், அன்றைய வழிகாட்டி மதிப்புக்கு மேல் போகாமல். பதிவுபெற்ற மதிப்பீட்டாளரிடம் அதற்கு இப்போதே சான்று வாங்கிவிடுங்கள். கட்டடத்துக்கு வருடாவருடம் தேய்மானம் எழுதியிருந்தால் அந்தப் பகுதிக்குக் கணக்கே வேறு, ஆடிட்டரிடம் தனியாகக் கேளுங்கள்.

அப்புறம், விலை பேசி முடிவதற்கு முன்பே இடிக்காதீர்கள். சென்னையில் சஃபையர் தியேட்டர் வளாகம் போன பிறகு அந்த இடம் பல வருடம் காலி மனையாகவே கிடந்தது. அண்ணா சாலையிலேயே அப்படி என்றால் மற்ற இடங்களைச் சொல்ல வேண்டாம்.

விற்பதென்று முடிவானால் நினைவைக் காப்பாற்ற ஒரு மாதம் போதும். இதற்குப் பெரிய செலவும் இல்லை. ஆபரேட்டர் அறையில் தொடங்குங்கள். ஒவ்வொரு மெஷினுக்கும் சுவரில் இரண்டு ஓட்டைகள் இருக்கும், ஒன்று ஒளி போக, ஒன்று ஆபரேட்டர் எட்டிப் பார்க்க. அவற்றின் மேல் கம்பியில் தொங்கும் இரும்புத் தகடுகளைக் கவனியுங்கள். ஃபிலிமில் தீப்பிடித்தால் கம்பியை விட்டதும் தகடு விழுந்து ஹாலுக்குள் தீ போகாமல் அடைக்கும். இரண்டு மெஷின் எதற்கு? ஒன்றில் ரீல் முடியும்போது திரையின் வலது மேல்மூலையில் ஒரு புள்ளி தோன்றும், அதைப் பார்த்து அடுத்த மெஷினுக்கு மாற்றுவார்கள். பழைய ஆபரேட்டர் ஊரில் இருந்தால் அவரை அந்த அறையிலேயே நிறுத்திப் பேசவிட்டு வீடியோ எடுங்கள். வீட்டில் உட்கார வைத்துக் கேட்டால் பாதிகூட வராது, கை மெஷின் மேல் இருந்தால்தான் பேச்சு வரும்.

பிறகு டி.சி.ஆர். நோட்டுகள், அதாவது அன்றாட வசூல் கணக்கு. எந்தப் படம் எத்தனை நாள் ஓடியது, எந்த வகுப்பில் எத்தனை டிக்கெட், மழை நாளில் எவ்வளவு விழுந்தது எல்லாம் அதில் இருக்கும். ஊரின் சரித்திரமாக முகப்பைவிட மதிப்புள்ளது இதுதான், ஆனால் முதலில் எடைக்குப் போவதும் இதுதான். 'இடைவேளை', 'நாளை முதல்' என்று எழுதிய கண்ணாடி ஸ்லைடுகள், கலர் கலரான டிக்கெட் கட்டுகள், கை மட்டும் நுழையும் அந்தக் கவுன்டர் ஓட்டை, குகை மாதிரியான வரிசைச் சந்து எல்லாவற்றையும் அளவோடு படமெடுங்கள். புரொஜெக்டரைப் பழைய இரும்பு விலைக்குப் போடும் முன் மாவட்ட அரசு அருங்காட்சியகத்தைக் கேட்டுப் பாருங்கள். கல்லூரி ஒன்றின் காட்சித் தொடர்பியல் துறையும் ஆசையாக வாங்கிக்கொள்ளும்.

யாருக்கு இது சரி: வாரிசுகள் ஐந்து பேருக்கு மேல், ஊரில் யாரும் இல்லை, கூரை ஏற்கெனவே இறங்கத் தொடங்கிவிட்டது என்றால் விற்றுவிடுங்கள். பங்கு பிரித்த பணத்தில் ஒரு பகுதியை ஊர்ப் பள்ளிக்குத் தாத்தா பெயரில் கொடுத்தால், ஓடாத தியேட்டரின் முகப்பில் இருப்பதைவிட அந்தப் பெயர் பலர் கண்ணில் படும்.

## பூட்டி வைப்பது

"விலை ஏறட்டும், பார்க்கலாம்" என்று பூட்டுவது யானையைக் கட்டித் தீனி போடும் கதை. சொத்து வரி, மின்சார நிலைக்கட்டணம், காவலாள் சம்பளம் மூன்றும் தொடரும். கூரைத் தகடு ஒன்று உடைந்தால் ஒரு மழைக்காலத்தில் மேற்கூரை மரமும் இருக்கைகளும் முடிந்தன. செப்புக் கம்பி திருட்டுப் போகும். உரிமம் காலாவதியாகும், அதோடு முதல் இரண்டு வழிகளும் அடைபடும். சுற்றுச்சுவர் சாய்ந்து யார் மேலாவது விழுந்தால் வழக்கு உரிமையாளர் மேல்தான், துபாயில் இருந்தாலும். வாரிசுகளில் ஒருவர் காலமானால் கையெழுத்துகள் ஒன்று நாலாகும்.

நிலத்தின் விலை ஏறுவது உண்மை. ஆனால் அந்த ஏற்றம் நிலத்துக்கு, கட்டடத்துக்கு இல்லை. கட்டடம் வருடாவருடம் இறங்கிக்கொண்டே இருக்கும். பூட்டி வைப்பதென்றே தீர்மானித்தாலும் மூன்று வேலை செய்யுங்கள்: கூரை ஒழுகலை அடையுங்கள், நோட்டுகளையும் ஸ்லைடுகளையும் வீட்டுக்குக் கொண்டுபோங்கள், 'சி' ஃபார்ம் எந்தத் தேதியோடு முடிகிறது என்று பாருங்கள். அந்தத் தேதிக்கு ஆறு மாதம் முன்பாக எல்லா வாரிசுகளும் ஒரு நாள் ஊரில் கூடி, மேலே உள்ள ஐந்து கேள்விகளுக்கும் பதில் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிடுவது நல்லது. வாட்ஸ்அப் குரூப்பில் பேசி இது முடியாது.